அசைந்துவிட்டவர்கள்

போன ஆடி மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தெருவின் பழம்பொருள் கடைகளைத் தெரியாதவர்கள் குறைவு. மங்கு சாமான், பித்தளை அடுக்கு, கதவு நிலை, ரவிவர்மா படம், ஊறுகாய் ஜாடி என்று ஒரு வீடு பிரிந்தால் என்னவெல்லாம் வெளியே வருமோ அத்தனையும் அங்கே வந்து சேரும். கடைக்குள் ஒரு பையன் சப்பணமிட்டு உட்கார்ந்து, தேக்குச் சட்டம் போட்ட பெரிய போட்டோ ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்துச் சின்ன ஆணிகளைத் திருப்புளியால் நெம்பிக்கொண்டிருந்தான். சட்டத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி போட்டால் நல்ல விலைக்குப் போகும். பல வருடத்து ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அவன் நகத்தால் சுரண்டி இழுத்தபோது ஒரு பெரியவரின் முகம் பாதி கண்ணாடியிலும் பாதி அட்டையிலுமாகப் பிரிந்து வந்தது. "அதை என்னப்பா செய்வீங்க?" என்று கேட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "எதை?" என்றான்.

அவனைக் குறை சொல்லவில்லை. அவன் வேலை சட்டம், அவன் கண்ணில் பட்டதும் சட்டம்தான். ஆனால் அந்த "எதை" என் காதை விட்டுப் போகவில்லை. கிழிந்த அட்டையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எவ்வளவு என்று கேட்டதற்குக் கடைக்காரர் கையை ஆட்டி, சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க என்றார். ஒரு மனிதர் விறைப்பாக உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, நாளைக்குத் தன் பேரப்பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்று எடுத்துக்கொண்ட படம். அதைச் சும்மா கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் அடங்க இரண்டு நாள் ஆயிற்று. அது அடங்கிய பிறகு வேறொன்று உறுத்த ஆரம்பித்தது.

வளவுகளில், அதாவது செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைச் சுற்றிய தூண் கூடங்களில், படம் மாட்டியிருக்கும் விதத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். சுவரோடு ஒட்டியிருக்காது. தூண் தலைக்கு மேலே, கயிற்றிலோ கம்பியிலோ, தலை முன்னால் சாய்ந்து தொங்கும். கீழே நின்று அண்ணாந்தால் அவர்கள் குனிந்து நம்மைப் பார்ப்பதுபோல இருக்கும். பெரும்பாலும் ஆண்கள். கொண்டுவிக்கப் போய் (கடல் கடந்து தொழில் செய்யப் போவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), மூன்று வருடக் கணக்கு முடித்து வந்தவர்கள். ரங்கூனிலோ பினாங்கிலோ ஸ்டுடியோவில் எடுத்த படங்களும் அவற்றில் உண்டு. பின்னால் திரைச்சீலையில் வரைந்த தூண், பக்கத்தில் முக்காலி, அதன்மேல் ஒரு தடித்த புத்தகம். எனக்கு அந்தப் படங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த வீட்டில் காலை எப்படி விடிந்தது, யார் தண்ணீர் தெளித்தார்கள், மத்தியானம் எத்தனை இலை விழுந்தது என்று கேட்டால் அவை வாயைத் திறக்காது. எனக்குத் தெரியவேண்டியது அதுதான். ஏனென்றால் என் ஆட்கள் இருந்தது அந்தப் பக்கம்.

அப்பத்தாவின் ஒரே படம்

எங்கள் அப்பத்தா ஒரு பெரிய வீட்டில் நாற்பது வருடம் அடுப்படி வேலை பார்த்தவள். வேலைக்கு என்று யாரும் சேர்க்கவில்லை. அவளுடைய ஆத்தா அங்கே வேலை பார்த்தாள், முந்தானையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகி, மறுபடி அதே கொல்லைக் கதவு வழியாக வேலைக்கு வந்தது. 1991-ல் அவள் தவறியபோது எனக்கு 11 வயது. எங்கள் வீட்டில் இருக்கும் அவளுடைய ஒரே படம் அன்றைக்கு எடுத்தது. நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க இடுப்பில் துண்டு கட்டி, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி முடிந்து, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருக்கிறது. சுற்றிலும் நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அநேகம் வீடுகளில் இப்படி ஒரு படம் உண்டு. உயிரோடு இருந்தபோது எடுக்கத் தோன்றாத படத்தை, எடுத்துப்போகும் முன்னால் ஓடிப்போய் ஆள் கூட்டிவந்து எடுப்பார்கள்.

அவள் படம் ஏன் இல்லை என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். அவர் யோசிக்காமலே சொன்னார்: "போட்டோக்காரர் வர்ற அன்னிக்கெல்லாம் வீட்டுல விசேஷம். விசேஷத்தன்னிக்கு அவ எப்படி அடுப்படியை விட்டு வருவா?" இதைவிடத் தெளிவான பதிலை நான் எங்கும் கேட்டதில்லை. கேமரா வரும் நாள் எதுவோ, அதுதான் சிலருக்கு இடுப்பு ஒடிகிற நாள்.

சரி, என் கைக்கு வந்த ஒரு பெட்டியின் கதைக்கு வருகிறேன். அந்தப் பெரிய வீட்டில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்ட ஆச்சி ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். எண்பத்தைந்தைத் தாண்டியவர். பங்காளிகள் எல்லோரும் சென்னையிலும் வெளிநாட்டிலும். போன வருடம் வீட்டைச் சுத்தம் செய்தபோது, தேக்கும் பித்தளையும் பங்காகிப் போயின. சட்டமில்லாத படங்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவற்றை ஒரு தகரப் பெட்டியில் அள்ளி ஆச்சி வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவன், ஸ்கேனர் இருக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். "வந்து பாத்துட்டு என்னமாச்சும் செய்யி தம்பி, ராமபாணம் தின்னுக்கிட்டிருக்கு" என்று ஆச்சி ஆள் விட்டார்.

பெட்டியைத் திறந்ததும் கிளம்பிய வாசனை பழைய கணக்குப் பேரேட்டினுடையது. பாதிக்குமேல் நன்றாகவே இருந்தன. சிலவற்றில் கறுப்பான இடமெல்லாம் நீலம் பாய்ந்த வெள்ளித் தகடுபோல மினுங்கியது. அந்தக் காலத்துப் படத்தில் உருவமே வெள்ளித் துகள்தான். ஈரக்காற்று பட்டுப் பட்டு, உள்ளே இருக்கும் வெள்ளி மேலே ஏறி வந்துவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முகம் மறைந்து கண்ணாடிபோல ஆகிவிடுகிறது. நேராகப் பிடித்தால் திரும்ப வருகிறது. இதை நான் ஒரு மணி நேரம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு படம் ரங்கூன் கிட்டங்கி, பல கடைக்காரர்கள் ஒரே கூரைக்கடியில் தொழில் செய்து தங்கிய இடம். நீளமான கூடம். இரண்டு வரிசையாகத் தாழ்வான மரப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு கடையின் ஆட்கள். மேலாள் திண்டில் சாய்ந்து, அடுத்தாள் பேரேட்டை விரித்து, கடைசியில் பெட்டியடிப் பையன், மீசை முளைக்காத பிள்ளை, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். 1930-ல் பர்மாவின் வங்கித் தொழிலை விசாரித்த அரசுக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அந்த 75 கோடியைப் படத்தில் தேடினேன், தென்படவில்லை. தென்பட்டது, பின்சுவரில் குறுக்கே கட்டிய கொடியில் காய்ந்த ஏழு வேட்டிகள், ஜன்னல் கட்டையில் வாய் கட்டி வைத்த ஊறுகாய் ஜாடி. பகலில் பெட்டிக்குப் பின்னால் கணக்கு, இரவில் அதே பெட்டிக்குப் பக்கத்தில் பாய். அந்த ஜாடி இங்கிருந்து கப்பலேறிப் போனதாகத்தான் இருக்கவேண்டும். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அந்தக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள், நடந்தே வந்தவர்களில் அந்தப் பையன் உண்டா என்று ஆச்சியிடம் கேட்டேன். "அந்தக் கணக்கை யாரு வச்சிருக்கா" என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்று முழுக்கக் கோணலான படம். ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரல்கூட விழுந்திருக்கிறது. மழை நாள். வளவு முற்றத்தில் நாலு மூலையிலும் தண்ணீர் கயிறாக இறங்குகிறது, கீழே கிடாரங்கள், வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. ஒரு கிடாரம் நிரம்பி வழிய, இரண்டு கைகள் மட்டும் சட்டத்துக்குள் நீண்டு அதை நகர்த்துகின்றன. "இது எங்க அம்மான் சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்த பெட்டிக் கேமரா. படம் சரியா வரலைன்னு எல்லாரும் சிரிச்சாக" என்றார் ஆச்சி. வளவில் மாட்டிய எந்தப் படத்தையும்விட எனக்கு இதுதான் பெரிது. மழைத்தண்ணீரைத் துணி கட்டி எப்படிப் பிடித்தார்கள் என்று எவ்வளவோ எழுதலாம். அந்தத் துணி ஈரத்தில் நடுவில் தொய்ந்து, அதில் ஒரு வேப்பிலை கிடப்பதை எழுத்து காட்டாது.

நில்லுங்க, அசையாதீங்க

பெட்டியில் இருந்தவற்றை 1200 புள்ளியில் ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. விசேஷப் படங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் கூர்மையாக இருக்கிறார்கள். ஓரத்திலும் பின்னாலும் இருப்பவர்கள் மங்கியிருக்கிறார்கள். முதலில் லென்ஸ் குறை என்று நினைத்தேன். அப்புறம் புரிந்தது. முக்காலியில் நிறுத்திய பெரிய கேமரா, வளவுக்குள் வந்து விழும் வெளிச்சம், நாலு வரிசையும் தெளிவாக விழவேண்டுமென்று லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கியிருப்பார். போட்டோக்காரர் லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூட ஒன்றிரண்டு நொடி. அதுவரை மூச்சைப் பிடி என்று அவர் சொன்னது முன்னால் உட்கார்ந்தவர்களிடம். பின்னால் தவலை தூக்கிப் போனவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் நடந்துகொண்டிருந்தாள், ஆகவே கரைந்துபோனாள்.

இது ஆரம்பத்திலிருந்தே உள்ள கதை. போட்டோ எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான தாகேர், பாரிஸில் 1838-ல் ஒரு பெரிய வீதியைப் படம் எடுத்தார். வண்டியும் ஆளுமாக நிறைந்திருந்த வீதி படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிவானார். மெருகு போட்டவரின் உருவம் அவ்வளவு தெளிவில்லை. நமக்குப் பக்கத்திலேயே, 1858-ல் ஆங்கிலேயப் போட்டோக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டியில் கேமராவைக் கொண்டுபோய் எடுத்த படங்களைப் பாருங்கள். கோபுரம் அப்படியே கல் கல்லாகத் தெரியும். ஆட்கள் அபூர்வம். மதுரையில் ஆள் இல்லாத நாள் ஒன்று உண்டா?

காரைக்குடியில் பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவரின் மகன் சொன்னார், அவர் அப்பா காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்களை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, சட்டத்துக்குக் கண்ணாடியாக விற்றார்களாம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பார்த்ததற்கு இது மூத்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு குழு, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் மிஞ்சியதைத் தேடி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. பெரிய காரியம். கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, இன்று சென்னையில் நூலகமாக இருக்கிறது. நம் ஊர்க்காரர் செய்த அந்த வேலை போட்டோவுக்கு வீட்டுக்கு வீடு நடக்கவேண்டும். பெட்டியோடு எடுத்துக் கொடுத்தால் போதாது. படத்தில் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே நடக்கவேண்டும்.

இரண்டாவது தூண்

பெட்டியின் அடியில் இருந்த ஒரு பெரிய படம்தான் என்னை இதை எழுத வைத்தது. ஆச்சியின் ஐயாவுக்குச் சாந்தி, அறுபதாம் கல்யாணம். சுதந்திரம் வந்த மறுவருஷம், 1948. நடுவில் ஐயா, கழுத்தில் கௌரிசங்கம். இரண்டு பக்கமும் பங்காளிகளும் ஆச்சிமார்களும். முன்னால் ஜமுக்காளத்தில் பிள்ளைகள். வலது பக்கம் இரண்டாவது தூணுக்குப் பின்னால் ஒரு பெண். பாதம் இரண்டும் விரல் விரலாகத் தெளிவாக இருக்கிறது. இடுப்புக்கு மேலே புகை. காது இருக்கவேண்டிய இடத்தில், வளர்த்த காதில் போடும் தண்டட்டி அசைந்த பாதையில், வெளிச்சம் நகக்கண் அளவுக்கு ஒரு வளைகோடு போட்டிருக்கிறது.

அப்பத்தா என்று முடிவே செய்துவிட்டேன். அந்த இரவு அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, வெறும் துகளாக உடையும்வரை பார்த்தேன். மறுநாள் பெரிதாக அச்சிட்டு ஆச்சியிடம் கொண்டுபோனேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "இது உங்க அப்பத்தா இல்ல தம்பி. அவ ஆத்தா."

எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். "தண்டட்டி போட்டிருக்காளே. உங்க அப்பத்தாளுக்குக் காதே வளக்கலையேப்பா. தோடுதான்."

எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். 11 வயதுவரை அவள் மடியில் படுத்தவன். அந்தக் காதைப் பிடித்து விளையாடியிருப்பேன். நினைவுபடுத்திப் பார்த்தால் வருவது தாடையைச் சுற்றிய வெள்ளைத் துணிதான், அந்தத் துணிக்குள் காது மறைந்திருக்கிறது. இத்தனை வருடமும் நான் அவளை நினைத்தபோதெல்லாம் நினைத்தது அந்தப் படத்தை. அன்றைக்கு ஆச்சி வீட்டுத் திண்ணையில் அது தெரிந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆச்சி அதைக் கவனித்தாரோ என்னவோ, விரலைத் தூணிலிருந்து இறக்கி ஜமுக்காளத்துக்குக் கொண்டுவந்தார். "இது நான்." எட்டு வயதுப் பெண். பாவாடை மடிப்புகூடத் தெரிகிறது, முகம் மட்டும் கலைந்திருக்கிறது. பக்கவாட்டில் திரும்பிய முகம். அவளுக்கு வலப்பக்கம், மற்ற பிள்ளைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருக்க, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஜமுக்காளம் வெறுமையாக இருக்கிறது. நானும் எத்தனையோ முறை பார்த்த இடம். கண்ணில் படவே இல்லை.

"போட்டோக்காரரு துணிக்குள்ள தலையை விட்டதும் நான் எழுந்திருச்சுப் போயி அடுப்படியிலேருந்து உங்க அப்பத்தாளை இழுத்துக்கிட்டு வந்துட்டேன். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவ, ஆனா ஒரே உயரம். இங்கன உக்கார வச்சேன். யாரோ கையைக் காட்டி எந்திரிக்கச் சொன்னாக. யாருன்னு தெரியும், இப்ப எதுக்கு. அவ எந்திரிச்சு ஓடிட்டா. நான் அவ ஓடுறதைப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்பத்தான் மூடியைக் கழட்டிட்டாக." அசைந்துவிட்டதாக ஆச்சியைத் திட்டிவிட்டு இன்னொரு தகடு போட்டு எடுத்தார்களாம். சட்டம் போட்டு வளவில் தொங்கியது அந்த இரண்டாவது படம். அதில் இடைவெளி இல்லை, பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்துவிட்டார்கள். கெட்டுப்போன இந்தப் படம் பெட்டிக்குள் போய்விட்டது.

அவர் சொன்ன பிறகு நான் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ஆச்சியின் கலைந்த முகம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. தூணருகே நிற்கும் என் பூட்டியின் பாதம் நம்மைப் பார்க்க, தலை மட்டும் அதே வலப்பக்கம், அடுப்படிக்குப் போகும் வாசலைப் பார்த்துத் திரும்பிய புகையாக இருக்கிறது. அத்தனை பேரும் கேமராவைப் பார்க்க, இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஓடிப்போகும் ஒரு பெண்ணைப் பார்க்கிறார்கள். இருவர் கண்ணையும் பிடித்துக்கொண்டு போனால் வாசல் நிலையில் வெளிர்த் தீற்றல் ஒன்று இருக்கிறது. பாவாடை நுனியா, தகட்டில் விழுந்த கறையா, தெரியவில்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் அது தீற்றலாகவே இருக்கிறது.

அதன் பிறகு வாரம் ஒருமுறை போகிறேன். பேனா மை ஊறிவிடும் என்பதால் மென்மையான பென்சிலால் பின்பக்கம் எழுதுகிறோம். கூட்டமான படங்களுக்கு மேலே ஒரு மெல்லிய தாளை வைத்து, ஒவ்வொருவரின் விளிம்பையும் வரைந்து எண் போட்டு, தனித்தாளில் பெயர் எழுதுகிறோம். சாந்திப் படத்துக்கு ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. ஐயாவிலிருந்து ஆரம்பித்தோம். பின்னால் மங்கியிருந்தவர்களில் தண்ணீர் இறைத்தவர், கணக்குப்பிள்ளையின் மகன், பந்தக்கால் நட வந்தவர் என்று ஆச்சிக்கு அநேகம் பேரைத் தெரிந்திருந்தது. பூட்டியின் பெயரையும் சொன்னார். எங்கள் வீட்டில் அது அப்பாவுக்குக்கூடச் சரியாகத் தெரியாத பெயர். 46 எண் போட்டாயிற்று. நான் தாளை எடுக்கப்போனேன். ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு, ஜமுக்காளத்தில் தனக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இங்கனயும் ஒண்ணு போடு."

47 போட்டேன்.